கலவரக் குற்றச்சாட்டு உள்ள அரசியல்வாதிக்கு விருது: எதிர்ப்புக் கடிதம் யாருக்கு, எப்படி?

வடக்குவாசல் கேட்டது:

அமெரிக்காவில் ஓர் இந்திய வணிகர் சங்கம், நம் நாட்டு அரசியல்வாதி ஒருவருக்கு ‘வாழ்நாள் சாதனை’ விருது தரப்போவதாக அறிவித்திருக்கிறது. வகுப்புக் கலவரம் ஒன்றில் கும்பலைத் தூண்டிவிட்டதாக அவர் மேல் வழக்கு இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. விழா நியூயார்க்கில், ஒரு தனியார் பல்கலைக்கழக அரங்கில். ஐந்து வாரம் இருக்கிறது.

முன்னுதாரணம் என்றால் எல்லாரும் மூன்றைச் சொல்கிறார்கள். 2002 கலவரத்தை முன்வைத்து 2005-இல் குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடிக்கு அமெரிக்கா விசா மறுத்தது, 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி மாணவர் மாநாட்டில் அவருடைய உரை ரத்தானது, 2019-இல் கேட்ஸ் அறக்கட்டளை அவருக்கு விருது கொடுத்தது. முதல் இரண்டில் எதிர்ப்பு பலித்தது, மூன்றாவதில் பலிக்கவில்லை. கடிதம், கையெழுத்து, கூட்டணி என்று மூன்றிலுமே உழைப்புக்குக் குறைவில்லை. அப்படியானால் எது வேலை செய்தது? கடிதத்தில் என்ன எழுதலாம், எதை எழுதவே கூடாது? வாசலில் நிற்க அனுமதி வேண்டுமா?

மூன்றாம்படி:

கையெழுத்து எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மூன்றாவதுதான் ஜெயித்திருக்க வேண்டும். 2019-இல் மனுவில் லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ஷிரின் எபாதி, தவக்குல் கர்மான், மெய்ரீட் மக்வாயர் என அமைதி நோபல் பெற்ற மூவர் கடிதம் எழுதினார்கள். அறக்கட்டளையின் இந்திய அலுவலகத்தில் இருந்த ஒருவர் வேலையையே விட்டார். ஆனாலும் செப்டம்பர் 24 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் விருது கொடுக்கப்பட்டது.

2005-ஐப் பாருங்கள். ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் ஃபுளோரிடாவில் நடத்திய மாநாட்டுக்கு அவரை அழைத்திருந்தது. எதிர்த்தவர்கள் சங்கத்திடம் மட்டும் மன்றாடிக்கொண்டிருக்கவில்லை. மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறியதற்குப் பொறுப்பான வெளிநாட்டு அதிகாரிக்கு விசா தரக்கூடாது என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டத்தோடு வந்தது. அந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன்படி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள வெளியுறவுத் துறையிடம் போனார்கள். நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த இருவரில் ஜான் கானியர்ஸ் ஜனநாயகக் கட்சி, ஜோ பிட்ஸ் குடியரசுக் கட்சி. அதனால் இது ஒரு கட்சியின் வேலை என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. மார்ச் 18 அன்று விசா மறுக்கப்பட்டது.

2013 வேறு மாதிரி. அது மாணவர்கள் நடத்தும் மாநாடு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் மூவர் தொடங்கிய கடிதத்தில் அங்கேயே பாடம் நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் கையெழுத்திட்டார்கள். முடிவெடுக்கும் குழு அவர்களுக்குத் தினமும் எதிரே வரும் மாணவர்கள். சில நாட்களில் காணொளி உரை ரத்தானது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மோடியை ஏற்காதவர்களில்கூடச் சிலர், ‘அழைத்துவிட்டுப் பேசாதே என்பது கருத்துரிமைக்கு எதிரானது’ என்றார்கள். முக்கிய ஸ்பான்சரான அதானி குழுமம் விலகியது. விவாதம் கலவரத்தை விட்டுவிட்டு மேடை யாருக்கு என்பதற்குப் போய்விட்டது.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நீங்கள் கேட்பது ‘அவர் பேசக்கூடாது’ என்பதா, ‘அவரைக் கௌரவிக்கக் கூடாது’ என்பதா? இரண்டும் வேறு வேறு கோரிக்கை. ஒருவர் பேசினால் எழுந்து கேள்வி கேட்கலாம். விருதைக் கேள்வி கேட்க முடியாது, அது சபையின் பெயரால் கொடுக்கப்படும் நற்சான்று. உங்கள் கடிதம் விருதை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்: ‘அவர் வரட்டும், பேசட்டும், கேள்விக்கு அரை மணி ஒதுக்குங்கள். வழக்கு முடியும்வரை விருதை நிறுத்தி வையுங்கள்.’ இதற்கு எதிராகக் கருத்துரிமை வாதம் எடுபடாது. கொடுப்பவர்களுக்கும் முகம் கெடாமல் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. அந்த வழியை விட்டுவைக்காத மனு பெரும்பாலும் தோற்கிறது.

2019-இல் தவறியது இன்னொன்று. விருது தூய்மை இந்தியா திட்டத்துக்கு. எதிர்ப்போ குஜராத், காஷ்மீர், கும்பல் கொலைகள் பற்றியே பெரும்பாலும் பேசியது. எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் அறக்கட்டளைக்குப் பதில் சுலபமாகிவிட்டது: இந்த விருது கழிப்பறைக்கு, வேறு எதற்கும் இல்லை. அவர்களுடைய அளவுகோலாலேயே அளந்திருந்தால் அப்படி நழுவியிருக்க முடியாது. குடிநீர், சுகாதார உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் லியோ ஹெல்லர் 2017-இல் இந்தியா வந்துவிட்டு, திட்டத்தில் மனித உரிமைப் பார்வை போதவில்லை என்று சொல்லியிருந்தார். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் கதையும் இருந்தது. விருது கொடுத்த மறுநாள், செப்டம்பர் 25 அன்று, மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்டத்தில் திறந்தவெளியில் மலம் கழித்ததற்காக இரண்டு தலித் குழந்தைகளை அடித்துக் கொன்றார்கள்.

உங்கள் விருது ‘வாழ்நாள் சாதனை’க்கு. அது நல்லதாகப் போயிற்று. வாழ்நாள் என்றால் வழக்கும் அதில் அடக்கம்.

உறுமீன்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கடிதத்தின் வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறைய மனுக்கள் செத்துப்போவது இங்கேதான்.

ஒருவருடைய வழக்கு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்குரிய சொல்லைத்தான் எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தது, தண்டனை, மேல்முறையீடு, ஒவ்வொன்றும் வேறு. ‘வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்பது விசாரணை தொடங்கும் முன்பே கழற்றிவிடுவது. ‘விடுதலை’ என்பது விசாரணை முடிந்து வருவது. மாற்றி எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் முழுவதையும் அவதூறு என்பார்.

குஜராத்தையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு யாராவது 2005-ஆம் ஆண்டுக் கடிதத்தை அப்படியே நகல் எடுத்து அனுப்பினால் தோற்றுவிடுவார்கள். நடுவில் என்ன நடந்தது? 2008-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.கே. ராகவன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது (தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.பி.எஸ்., சி.பி.ஐ. இயக்குநராக இருந்தவர்). மோடி மீது வழக்குத் தொடரத்தக்க ஆதாரம் இல்லை என்று 2012-இல் அந்தக் குழு சொன்னது. அதை எதிர்த்து, கலவரத்தில் கொல்லப்பட்ட முன்னாள் எம்.பி. எஹ்சான் ஜாஃப்ரியின் மனைவி ஜாகியா ஜாஃப்ரி செய்த மேல்முறையீட்டை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே கலவர வழக்குகளில், குஜராத்தில் அமைச்சராகவும் இருந்த மாயா கோட்னானிக்கு 2012-இல் தண்டனை, 2018-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. இதை மறைத்து எழுதும் கடிதத்தை விருதுக்குழு முதல் பத்தியோடு மூடிவிடும். இதையும் எழுதிவிட்டு, கலவரத்தைக் கட்டுப்படுத்தத் தவறியது மாநில அரசு என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2002-இலேயே சொன்னதை அதன் பக்கத்தில் வையுங்கள். குற்றவியல் பொறுப்பு வேறு, அரசியல் பொறுப்பு வேறு என்பது படிப்பவருக்குத் தானாகப் புரியும். மரியாதையைப் பற்றிய கேள்வி இரண்டாவதைச் சேர்ந்தது.

எண்களிலும் அப்படியே. ‘ஆயிரக்கணக்கில் கொன்றார்கள்’ வேண்டாம். மத்திய அரசு 2005-இல் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: முஸ்லிம்கள் 790, இந்துக்கள் 254, காணாமல் போனவர்கள் 223. இது குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அரசே ஒப்புக்கொண்ட எண்ணை யாரும் மறுக்க முடியாது. கோத்ரா ரயில் பெட்டியில் எரிந்துபோன 59 பேரையும் அதே பத்தியில் எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டால் முதல் கேள்வி அதுவாகத்தான் வரும். அதைவிட முக்கியம், அவர்களும் செத்தவர்கள்தான்.

இரண்டாவது கேள்வியும் நிச்சயம் வரும்: ‘1984 சீக்கியர் படுகொலைக்கு என்ன சொல்கிறீர்கள்?’ பதிலைக் கடிதத்திலேயே வைத்துவிடுங்கள். 2022-இல் இந்தூரில் குருநானக் ஜெயந்தி விழாவில் காங்கிரஸ் தலைவர் கமல்நாத்துக்கு மரியாதை செய்ததைக் கீர்த்தனம் பாட வந்தவரே அங்கேயே கண்டித்தார். 1984 கலவரத்தை விசாரித்த நானாவதி ஆணையம் கமல்நாத் மீது போதிய சான்றில்லை என்றது, அவரும் குற்றச்சாட்டை மறுக்கிறார். அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘எந்தக் கட்சியானாலும் எங்கள் அளவுகோல் இதுதான்’ என்று ஒரு வரி. அந்த வரியில் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் கூட்டணியில் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நீளம்: ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு தகவலுக்கும் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று அதே வாக்கியத்தில். தீர்ப்பு நகலைத் தனியாக இணையுங்கள், செய்தித்தாள் துணுக்கை அல்ல.

வடக்குவாசல்:

ரொம்ப நன்றி இருவருக்கும். கையெழுத்து எப்படி வாங்குவது? இணைய மனுவா, கூகுள் படிவமா?

மூன்றாம்படி:

இணைய மனு கூட்டம் காட்டுவதற்கு, கூகுள் படிவம் கடிதத்துக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். திறந்த மனுவில் இரண்டாம் நாளே கற்பனைப் பெயர்கள் ஏறும், சில நேரம் வேண்டுமென்றே ஏற்றுவார்கள். ஒரு போலிப் பெயர் வெளியே வந்தால் மீதி அத்தனை கையெழுத்துக்கும் மதிப்புப் போய்விடும். படிவத்தில் பெயர், பொறுப்பு, நிறுவன மின்னஞ்சல் மூன்றும் கட்டாயம். அந்த மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்பி ‘ஆம்’ என்று பதில் வந்தவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். சரிபார்த்த 60 பேர் போதும், அரங்கு கொடுக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து அதில் 20 பேராவது இருந்தால்.

வார வரிசை: முதல் வாரம் வழக்கு ஆவணமும் கடிதமும். இரண்டாம் வாரம் கையெழுத்து. அதன் முடிவில் சங்கத் தலைவருக்கும் விருதுக்குழுவுக்கும் கடிதத்தை வெளியிடாமல் அனுப்பி, ஏழு நாள் அவகாசம் கொடுத்து நேரில் பேச நேரம் கேளுங்கள். பத்திரிகைக்கு முதலில் கொடுத்துவிட்டால் அவர்களால் பிறகு மனம் மாற முடியாது. நான்காம் வாரம்தான் ஸ்பான்சர்கள், பல்கலைக்கழக நிர்வாகம், பத்திரிகை. ஸ்பான்சருக்கு நீண்ட கடிதம் வேண்டாம். அழைப்பிதழில் அவர்களுடைய சின்னம் விருது பெறுபவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, இரண்டு பத்தியோடு அவர்களுடைய மக்கள் தொடர்புப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

நடைபாதை:

வாசலில் நிற்பது பற்றி. நியூயார்க் நகரில் நடைபாதையில் பதாகையோடு நிற்க அனுமதி தேவையில்லை, நடப்பவர்களுக்குப் பாதி இடமாவது விட வேண்டும், கட்டட வாசலை மறைக்கக் கூடாது. ஒலிபெருக்கி வேண்டுமென்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒலி அனுமதி எடுக்க வேண்டும், கட்டணம் உண்டு, குறைந்தது ஐந்து வேலை நாள் முன்னதாகப் போங்கள். 50 பேரும் அதற்கு மேலும் ஊர்வலமாகத் தெருவில் இறங்கினால் அது தனி அனுமதி. பூங்காவில் 20 பேருக்கு மேல் என்றால் பூங்காத் துறை. பதாகைக்கு மரக்கட்டையோ இரும்புக் குழாயோ வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள். அட்டைக் குழாய் போதும்.

பல்கலைக்கழக வளாகம் தனியார் இடம். அங்கே நகரச் சட்டம் கொடுக்கும் உரிமை நுழைவாயிலோடு நின்றுவிடுகிறது. உள்ளே நிற்க மாணவர் விவகார அலுவலகத்தில் இடம் கேளுங்கள். அரங்குக்குள் போகிறவர்கள் விருது கொடுக்கும் நேரத்தில் எழுந்து முதுகைக் காட்டி நிற்கலாம். காவலர் வெளியே போகச் சொன்னால் உடனே போய்விட வேண்டும், மறுத்தால் அத்துமீறல் வழக்கு. இதை ஒரு நாள் முன்பு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பதாகையில் ஒரு வரி. தூரத்திலிருந்து படிக்க எழுத்து நான்கு அங்குல உயரம் வேண்டும். செத்தவர்களின் பெயர்களை எழுதுவதென்றால் குடும்பத்தார் சம்மதித்த பெயர்கள் மட்டும்.

உறுமீன்:

ஒன்று விட்டுப்போனது. கையெழுத்துப் போடுகிறவர்களில் மாணவர் விசாவில் இருப்பவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். 2025-இல் வளாகப் போராட்டத்தில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்கு அமெரிக்க விசா ரத்தானது. ஓ.சி.ஐ. பதிவை ரத்துசெய்ய இந்தியக் குடியுரிமைச் சட்டம் 7டி பிரிவு இடம் தருகிறது. ஆகவே படிவத்தில் ‘பெயர் வெளியிட வேண்டாம்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்தப் பெயர்கள் இருக்கும் கோப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், பகிர்ந்த இணைப்பில் வேண்டாம். யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

வடக்குவாசல்:

எல்லாம் செய்தும் கொடுத்துவிட்டால்?

மூன்றாம்படி:

கோப்பை மூடாதீர்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் ஜிம்பாப்வே தலைவர் முகாபேக்கு 1984-இல் கொடுத்த கௌரவப் பட்டத்தை 2007-இல் பறித்தது. மியான்மர் தலைவர் ஆங் சான் சூகிக்குக் கொடுத்த எலி வீசல் விருதை அமெரிக்க யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆறு ஆண்டு கழித்து, ரோஹிங்கியாக்களுக்கு நடந்ததற்குப் பிறகு, 2018-இல் திரும்பப் பெற்றது. இரண்டிலும் விருதைக் கொடுத்தவர்களே பிறகு அதைப் பறித்தார்கள். எனவே விழா முடிந்த மறுநாள் சங்கத்துக்கு இன்னொரு கடிதம் போகட்டும்: விருது விதிகளில் திரும்பப் பெறும் விதி சேருங்கள், வழக்கில் தண்டனை வந்தால் விருது தானாக ரத்தாகும் என்று எழுதுங்கள். அடுத்த விசாரணைத் தேதியை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். யார் பார்ப்பது என்பதை மட்டும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.