விலை அசையாத காலத்தில் வீடு வாங்கியவர்கள்: சென்னை அனுபவங்கள்

படூரிலிருந்து:

சென்னைப் புறநகரில் வீட்டு விலை பல வருடம் ஏறாமல் கிடந்தபோது வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இப்போது வாங்க யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நான் முதலில் எழுதுகிறேன், நீங்களும் சேருங்கள்.

2015 வெள்ளத்திலிருந்தே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் விற்பனை தளர்ந்துவிட்டது. அடுத்த நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் விழுந்ததும் பில்டர்களுக்குக் கடன் கொடுத்து வந்த நிதி நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. அப்புறம் கொரோனா. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்று எங்கே போனாலும் கட்டி முடித்தும் ஆள் குடிவராத ஃபிளாட்கள் நின்றன. நானும் மனைவியும் 2020 கடைசியில் தேடத் தொடங்கினோம்.

கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீடு மட்டும்தான் என்பதில் உறுதியாக இருந்தோம். விலை இறங்கும் காலத்தில் பில்டருக்குப் பணமுடை வரும், பணமுடை வந்தால் வேலை நிற்கும். இன்னொன்று வரி. மலிவு வீடு வகையில் சேராத, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம், 2019 ஏப்ரலுக்கு முன்பு 12 சதவீதம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. எங்கள் ஃபிளாட் விலையில் அது மட்டுமே 2 லட்ச ரூபாய்.

பேரம் பேசியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சதுர அடி 4,800 என்று சொன்னார்கள். "ரேட்டைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் சார். மாடுலர் கிச்சன் போட்டுத் தருகிறோம், ஏசி தருகிறோம், கார் பார்க்கிங்கை இலவசமாகத் தருகிறோம்" என்றார் விற்பனை மேலாளர். எங்களுக்கு அது வேண்டாம். ஏசிக்கு இன்று 40,000 ரூபாய் மிச்சம் என்றாலும் கடன் தொகை குறையாது. அதே சலுகையை விலையில் கழித்தால் கடன் குறையும், 20 வருடத்துக்கு அதன் வட்டியும் குறையும். விடாமல் இதையே சொன்னோம். கடைசியில் 950 சதுர அடியை 4,300க்கு முடித்தார்கள், கார் பார்க்கிங்கும் அதற்குள்.

விலையைவிடப் பெரிதாகக் கிடைத்தது அவகாசம். 2012 வாக்கில் என் அண்ணன் வாங்கியபோது, இன்று டோக்கன் போடாவிட்டால் நாளை இருக்காது என்று விரட்டினார்கள். எங்களை யாரும் விரட்டவில்லை. ஆவண நகல்களை வாங்கிக்கொண்டு நாங்களே பார்த்துப் பிடித்த வக்கீலிடம் போனோம். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், யூடிஎஸ் (பொது நிலத்தில் நம் ஃபிளாட்டுக்குரிய பங்கு) அளவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டம் முழுவதையும் ஒரு நிதி நிறுவனத்தில் அடமானம் வைத்து பில்டர் கடன் வாங்கியிருப்பது வில்லங்கச் சான்றில் தெரிந்தது. மந்தமான சந்தையில் இது சாதாரணம்தான், அதனாலேயே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஃபிளாட்டை மட்டும் அடமானத்திலிருந்து விடுவிப்பதாக அந்த நிறுவனம் எழுத்தில் தந்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். கடன் 30 லட்சம், ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) இணைந்த வட்டி 7 சதவீதம், 20 வருடம், தவணை 23,259. அந்தக் கடன் பிறகு என்ன ஆனது என்பதை மற்றவர்கள் எழுதியதும் சொல்கிறேன்.

மேற்கு தாம்பரத்திலிருந்து:

அண்ணா, நாங்கள் 2018இல் வாங்கியது பழைய ஃபிளாட், ஓனரிடமிருந்து நேரடியாக. அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கைக்காசு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை) 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். முத்திரைத்தீர்வை 7ஐயும் சேர்த்தால் 11. ஆக 40 லட்சத்துக்கு முழு மதிப்பில் பத்திரம் போட்டால் 8 லட்சத்தோடு இன்னொரு 4.4 லட்சமும் கையில் இருக்க வேண்டும். 2023இல் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கிவிட்டார்கள், ஆனால் வழிகாட்டி மதிப்பும் பழைய நிலைக்குப் போய்விட்டது.

ஓனர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டார். என் கணவர் முடியாது என்று சொல்லிவிட்டார். பத்திரத்தில் மதிப்பு குறைந்தால் கடனும் குறையும், நாளைக்கு நாங்கள் விற்கும்போது லாப வரியும் கூடும். அந்தப் பகுதியில் வேறு யாரும் வீடு கேட்டு வராத நேரம் அது. ஓனர் ஒத்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. 41 லட்சத்துக்குப் பேசியிருந்தோம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 38 என்று எழுதிவிட்டார். கடன் குறையுமே என்று முதலில் பதறினோம். பிறகு அந்தத் தொகையை அப்படியே ஓனரிடம் சொன்னோம்: "சார், வங்கியே 38 என்கிறது. நீங்கள் வேறு யாருக்கு விற்றாலும் அவர்களுக்கும் இதே பதில்தான் வரும்." 39க்கு இறங்கி வந்தார். வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாவது மனிதர் சொன்ன விலை என்பதால் அவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பிரதமர் ஆவாஸ் யோஜனா வட்டி மானியமும் கிடைத்தது. எங்கள் வருமானம் 6 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடையில், அந்தப் பிரிவுக்கு அதிகபட்சம் 2.35 லட்சம். அந்தப் பணம் நேராகக் கடன் அசலில் கழிந்தது. தவணையைக் குறைக்கச் சொல்லாமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நடுத்தர வருமானத்தாருக்கான அந்தத் திட்டம் 2021 மார்ச்சோடு முடிந்தது. 2024இல் வந்த புதிய திட்டத்தில் வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருந்தால் 1.80 லட்சம் வரை தவணை தவணையாகத் தருகிறார்கள். சொந்தமாக நல்ல வீடு எதுவும் குடும்பத்தில் யார் பெயரிலும் இருக்கக் கூடாது.

மாங்காட்டிலிருந்து:

என் அனுபவம் கசப்பானது, ஆனாலும் படியுங்கள். "சாவி கைக்கு வரும் வரை இஎம்ஐ கிடையாது" என்று 2017இல் ஒரு பில்டர் விளம்பரம் செய்தார். கடன் என் பெயரில். பில்டர் கைக்குப் போன பணத்துக்கு வட்டியை அவரே கட்டுவார் என்பது மூவர் ஒப்பந்தம். வேலை நின்றதும் அவர் வட்டி கட்டுவதையும் நிறுத்தினார். நிதி நிறுவனம் என்னிடம் வந்தது, என் சிபில் மதிப்பெண் சரிந்தது. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வராத வீட்டுக்கு வட்டி. என் அம்மா அவருடைய வளையலை விற்று எங்களுக்கு உதவினார். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இத்தகைய திட்டங்களுக்குக் கடன் தர வேண்டாம் என்று தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் வீட்டுக்கடன் நிறுவனங்களிடம் சொன்னது. கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்றபடிதான் பணம் விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. நான் ரெராவுக்கு, அதாவது வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்குப் போனேன். சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி பணத்தை வட்டியோடு திருப்பித் தர உத்தரவு கிடைத்தது. ஆனால் உத்தரவு கிடைப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. கலெக்டர் அலுவலகம் வழியாக வசூலிக்க அலைந்து, ஒரு பகுதிதான் வந்திருக்கிறது. கட்டாத வீட்டை வாங்குவதானால் தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், காலக்கெடுவை நீட்டிக்கக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

அம்பத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

மாங்காடு தம்பி எழுதியதைப் படித்து மிகவும் வருந்தினேன். ஒன்று சேர்க்கிறேன்: "எங்கள் புராஜெக்டுக்கு எல்லா வங்கியும் அப்ரூவல் தந்திருக்கிறது" என்று சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்காக. உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும்.

இனி வட்டி. 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும், 3 மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்க வேண்டும். அதற்கு முன் எம்சிஎல்ஆரில் (வங்கி தன் சொந்தச் செலவை வைத்துக் கணக்கிடும் வட்டி) வாங்கியவர்களுக்கு ரிசர்வ் வங்கி குறைத்தது மெதுவாகவே வந்து சேர்ந்தது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை, அவர்கள் அவரவர் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். ஆகவே எங்கே வாங்கினாலும் எதோடு இணைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு வட்டி அதிகமாகவும் புதிதாக வருபவருக்குக் குறைவாகவும் இருப்பது உண்டு. ஒரு கடிதம் கொடுத்து, சிறு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும்.

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனையும் யோசியுங்கள். உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அதற்கு ஈடான கடனுக்கு வட்டி ஓடாது, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்று கூடுதல். வேலை போகுமோ என்ற பயம் இருக்கும் காலத்தில் கையில் பணம் இருப்பது பெரிய நிம்மதி. 2020இல் 6 மாதத் தவணைத் தள்ளிவைப்பு வந்தபோது பலர் அதை வட்டித் தள்ளுபடி என்று நினைத்தார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டியைத்தான் பிறகு திருப்பித் தந்தார்கள், முதலில் 2 கோடி வரையிலான கடன்களுக்கு, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மற்றக் கடன்களுக்கும்.

படூரிலிருந்து மறுபடியும்:

ஐயா சொன்னது என் கடனில் அப்படியே நடந்தது. 2020 மேயிலிருந்து ரெப்போ 4 சதவீதத்திலேயே இருந்தது. 2022 மேயில் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. என் 7 சதவீதம் 9.5 ஆகிவிட்டது. தவணை மட்டும் மாறவில்லை, அதே 23,259 பிடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளக் கணக்கில் வித்தியாசம் தெரியாததால் கவலைப்பட ஒன்றுமில்லை போல இருந்தது. கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தால் வட்டியே 22,000க்கு மேல், அசலில் கழிந்தது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. 18 வருடம் பாக்கி இருக்க வேண்டிய கடன் 30 வருடத்தைத் தாண்டும் என்று அட்டவணை காட்டியது. எனக்கு அப்போதே 41 வயது.

கிளைக்குப் போய், காலத்தைப் பழையபடி வைத்துத் தவணையை ஏற்றும்படி எழுதிக் கொடுத்தேன். மாதம் 28,000 ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், காலத்தை நீட்டும்போது மாதத் தவணை வட்டிக்கே போதாத நிலை வரவும் கூடாது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பதால், போனஸ் வரும்போது அசலிலும் கட்டினேன்.

2025இல் ரெப்போ பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் கால் சதவீதம், ஜூனில் அரை சதவீதம் என்று இறங்கியது. தவணையைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்டார்கள். வேண்டாம், 28,000 அப்படியே இருக்கட்டும், வருடத்தைக் குறையுங்கள் என்றேன். ஆவடி, திருமழிசை பக்கம் இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு ரெப்போவுக்கு மேல் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். என்னுடையது 3 சதவீதம்.