குடும்பக் குழு: வெயில் ஏறினால் தண்ணீரில் இருப்பது சாகுமா?

பெரியப்பா: வெயில் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சூட்டில் தண்ணீரில் இருக்கும் ஒட்டுண்ணியெல்லாம் செத்துத்தானே போக வேண்டும்? நோய் கூடும் என்கிறார்களே, எப்படி?

ரேவதி: பாதி சரி பெரியப்பா. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று, குளிர்ந்த நீரில் கூட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நீர் சூடானால் சீக்கிரமே சாகும். ஜியார்டியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் அப்படித்தான்.

ரேவதி: ஆனால் மாறியது வெயில் மட்டுமா, மழையும்தான். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்றில் சுமார் 7 சதவீதம் அதிக நீராவி தங்கும், அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. அதுவரை காய்ந்து கிடந்த நிலத்தில் சேர்ந்திருந்த மாட்டுச் சாணம், மனிதக் கழிவு மொத்தமும் ஒரே மழையில் ஆற்றிலும் ஏரியிலும் போய் விழும், சாக்கடையும் பொங்கி அதில் கலக்கும். சூட்டில் சாவதற்குள் குடிக்கும் தண்ணீருக்கு வந்துவிடுகிறது.

சித்தி: அதற்குத்தானே குளோரின் போடுகிறார்கள்?

ரேவதி: கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாகக் கிரிப்டோ, வழக்கமான குளோரினுக்கெல்லாம் அசையாது சித்தி. அளவு வெறும் 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வடிகட்டலில் கொஞ்சம் அசந்தாலும் நழுவி வந்துவிடும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீரிலேயே வந்து, சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இறந்தும் போனார்கள். படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது.

கார்த்தி: அக்கா, மூளையைத் தின்னும் அமீபாவும் மழையில்தான் வருகிறதா?

ரேவதி: இல்லைடா, அது நேர் எதிர். நெக்லேரியா என்ற அந்த அமீபாவுக்குச் சூடுதான் வேண்டும், 46 டிகிரியிலும் பெருகும். வெயிலில் நீர் வற்றி வெதுவெதுப்பாகக் கிடக்கும் ஏரி, குளம் அதற்குத் தோதான இடம். அமெரிக்காவில் பெரும்பாலும் தெற்கு மாநிலங்களில் கண்டது, 2010-இல் கனடா எல்லையில் இருக்கும் மினசோட்டா வரை போய்விட்டது. குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். அதனால் கோடையில் அந்த மாதிரித் தண்ணீரில் தலைகீழாகக் குதிக்காதே, கார்த்தி.

பெரியப்பா: அப்போது சூடு ஒன்றுக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது?

ரேவதி: அதேதான். நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவையே பாருங்கள், மிதமான சூட்டில் நத்தையும் புழுவும் வேகமாக வளரும், அளவு மீறினால் நத்தையே செத்துவிடும். அதனால் ஒரு பக்கம் குறைந்து, இதுவரை குளிராக இருந்த இன்னொரு பக்கம் தலைகாட்டலாம். எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

சித்தி: சரி, வீட்டில் என்னதான் செய்வது?

ரேவதி: பெரிய மழைக்கு அப்புறம் தண்ணீர் கலங்கி வந்தால், தெளியவிட்டு துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், கிரிப்டோவும் சாகும். மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். மூக்கு கழுவுகிறவர்களும் கொதித்து ஆறிய நீரையே எடுங்கள். அப்புறம் சித்தி, ஆறியதும் கழுவாத பாத்திரத்தில் மாற்றாதீர்கள், கொதித்த பாத்திரத்திலேயே மூடி வையுங்கள்.