பெண்கள் படித்துவிட்டார்கள், சம்பளப் பட்டியலில் ஏன் காணவில்லை?

கேள்வி: மாலைநேர மாணவன்

வணக்கம். பொருளியல் முதுகலை இறுதியாண்டில் படிக்கிறேன். இந்தியாவில் உடல்நலம், கல்வி, வேலை ஆகிய மூன்றிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கியவன், முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் சுமார் 81 விழுக்காட்டினரும் பெண்களில் சுமார் 65 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். அந்த இடைவெளி இளைய தலைமுறையில் வேகமாகச் சுருங்கிவிட்டது. 2021-22ஆம் கல்வியாண்டில் உயர்கல்வியில் இருந்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள், அதாவது ஏறக்குறைய சரிபாதி. ஆனால் 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பைப் பார்த்தால், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 79 பேர் வேலையிலோ வேலை தேடிக்கொண்டோ இருக்க, பெண்களில் 42 பேர் மட்டுமே அப்படி இருக்கிறார்கள். படிப்பு கூடினால் வேலை பின்னாலேயே வரும் என்றுதான் பாடத்தில் படித்தோம். கயிறு இடையில் எங்கே அறுகிறது? உடல்நலத்தை இதில் எங்கே வைப்பது என்பதும் விளங்கவில்லை. அதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடச் சொல்கிறார் என் வழிகாட்டி.

மறுமொழி: பழைய கணக்கெடுப்பாளர்

அந்த 42 என்ற எண்ணையே முதலில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகள் கணக்கெடுப்புப் பணியில் வீடு வீடாகப் போனவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று பதில் சொன்ன அம்மா, அதைச் சொல்லும்போது பால் கறப்பதற்காக மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகிறது. சொசைட்டி அட்டையில் இருப்பது கணவரின் பெயர். அந்த அம்மாவை வீட்டுவேலை மட்டும் செய்பவர் என்று பதிவதா, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் என்று பதிவதா என்பது, நான் மேற்கொண்டு இரண்டு கேள்விகளைப் பொறுமையாகக் கேட்கிறேனா என்பதைப் பொறுத்தே இருந்தது.

2017-18இல் 23 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கேற்பு ஆறே ஆண்டுகளில் 42 ஆனதைப் பலர் கொண்டாடுகிறார்கள். அந்த உயர்வு எங்கே நடந்தது என்றும் பாருங்கள். கிராமத்தில் 48ஐ நெருங்கிவிட்டது, நகரத்திலோ 28இல்தான் நிற்கிறது. வேலையிலிருக்கும் பெண்களில் மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கு இதே காலத்தில் 21 விழுக்காட்டிலிருந்து சுமார் 16ஆகக் குறைந்திருக்கிறது. மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்கள். ஆகவே, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியோடு, யார் கைக்குப் பணம் வருகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

மறுமொழி: திண்ணைப் பொருளியல்

குடும்ப வருமானம் உயரும்போது பெண்கள் முதலில் உழைப்பிலிருந்து விலகுவதும், பின்னர் அலுவலக வேலைகள் பெருகும்போது திரும்ப வருவதும் பல நாடுகளில் கண்டதுதான். 2023ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்க வரலாற்றைக் கொண்டு இதை விளக்கியிருக்கிறார். காத்திருந்தால் இங்கும் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, உங்கள் வழிகாட்டி மீது மரியாதை உண்டு. ஆனால் உடல்நலத்தைத் தனி அத்தியாயமாக ஒதுக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களுக்கு 53ஆக இருந்தது என்பதால், நிலைமை முன்னேறவும் இல்லை. இரத்தம் குறைந்த உடம்பு மூச்சிரைக்காமல் எத்தனை மணி நேரம் நாற்று நடும், எத்தனை மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் என்பது உங்கள் பொருளியல் கேள்விதான்.

இரும்புச்சத்து மாத்திரைகளை நாங்கள் கொடுக்காமல் இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். மறுமுறை போகும்போது பிரிக்காத அட்டை கூரை இடுக்கில் செருகியிருக்கும். விழுங்கியவர்களிலும் பலர் தேநீரோடு விழுங்குவார்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் எந்த அறிவுரையாலும் என்னால் அசைக்க முடிந்ததில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் 38 விழுக்காடு. ஆண்கள் செய்துகொண்டது 0.3. ஆணுக்குச் செய்வதுதான் எளிதானது, ஆபத்து குறைந்தது. வீட்டின் பொறுப்புகளில் எது யார் உடம்பின்மேல் விழுகிறது என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் எண்ணை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

திண்ணை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. காத்திருந்தால் சரியாகும் என்கிறீர்கள். யார் காத்திருப்பது?

மறுமொழி: மிதிவண்டி

காத்திருப்பதைப் பற்றியே நானும் எழுத வந்தேன். 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதியாகத் தெரிந்தது. வருமானம் உயரும்வரை அங்கே யாரும் காத்திருக்கவில்லை. தடையாக இருந்தது தூரம் என்று கண்டுபிடித்து, அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள்.

வேலையைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட தடை நேரம் என்று நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். அதுவும் நான்கில் ஓர் ஆண் மட்டுமே வீட்டுவேலையில் கை வைத்தார் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். ஐந்து மணி நேரம் முன்கூட்டியே கழிந்துவிட்ட ஒரு நாளில், போகவும் வரவும் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலையைப் பட்டம் பெற்ற பெண்ணால் எப்படி ஏற்க முடியும்? பட்டம் அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத்தை வாங்கித் தராது.

சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. 2017இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமானது. ஆனால் விடுப்புக்காலச் சம்பளம் பெரும்பாலும் முதலாளியின் தலையிலேயே விழுவதால், சிறிய நிறுவனம் இளம்பெண்ணைச் சேர்க்கும்போதே அதைக் கணக்குப் போடுகிறது. வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் உழைப்பவரை அந்தச் சட்டம் எட்டுவதே இல்லை.

மாலைநேர மாணவன்

அனைவருக்கும் நன்றி. அத்தியாயங்களை உடல்நலம், கல்வி, வேலை என்று பிரிக்காமல், ஒரு பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொண்டு அதன் வழியே மூன்றையும் எழுத முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். கணக்கெடுப்பாளர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: அந்த அம்மாவை எந்தக் குறியீட்டில் பதிந்தீர்கள்?

பழைய கணக்கெடுப்பாளர்

21 என்று, ஊதியமின்றி உதவுபவருக்கான குறியீடு அது. அன்று காலை அதே தெருவில் அவருக்கு முன்பு பார்த்த நான்கு வீட்டுப் பெண்களுக்கும் 92, அதாவது வீட்டுவேலை மட்டும், என்று எழுதியிருந்தேன். மாடு இருக்கிறதா என்று அவர்களிடம் நான் கேட்டிருக்கவில்லை.