ரிப்போர்ட்டில் ஒரு பிளஸ்

பாம்பன்காரி:
என் மதினி சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தவள். மார்பகப் புற்றுநோய், கட்டி தெரிந்தபோதே எலும்புக்குப் போயிருந்தது, மதுரைக்கும் ஊருக்கும் அலைந்து 2021-ல் போய்விட்டாள். இது இங்கே பல வீட்டில் நடந்த கதைதான். எனக்கு உறுத்துவது ஒரே ஒரு நாள். பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்2 என்று போட்டுப் பக்கத்தில் 1+ என்று இருந்தது. ஹெர்2 என்பது புற்று செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம், அது நிறைய இருந்தால் அதைக் குறிவைக்கிற ட்ராஸ்டுஜுமாப் என்ற ஊசி போடுவார்கள். "பிளஸ் போட்டிருக்கே டாக்டர், அப்ப அந்த ஊசி போடலாம்ல?" என்று மதினிதான் கேட்டாள், ஏழாவதோடு படிப்பை விட்டவள். டாக்டர் நீல மையில் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "மூணு பிளஸ் இருந்தாத்தாம்மா அந்த ஊசி, இது நெகட்டிவ்" என்றார். "பிளஸ்ஸாம், ஆனா நெகட்டிவாம்" என்று பஸ்ஸில் மண்டபம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். 2022 ஜூனில் டெஸ்டினி என்று ஒரு ஆய்வு வருகிறது, நோய் பரவி ஏற்கெனவே கீமோ எடுத்தவர்களில் 1+ காரர்களுக்கும் டெரக்ஸ்டிகான் என்ற புது ஊசி கேட்கிறதாம். வழக்கமான கீமோவில் பாதிப் பேர் 16.8 மாதம் தாண்டினார்கள், இதில் 23.4. ஆறரை மாதம் கூட இருந்திருந்தால் மகள் பிளஸ் டூ எழுதுவதைப் பார்த்திருப்பாள்.

கீழக்கரை மருமகன்:
அக்கா, டாக்டர் வட்டம் போட்டதில் தப்பில்லை. பழைய ட்ராஸ்டுஜுமாப் ஊசியால் 1+ காரர்களுக்குப் பலன் இல்லை என்று பி-47 என்ற ஆய்வில் பார்த்தாகிவிட்டது. புதியது வேறு ரகம். அதே ஊசியின் முதுகில் கீமோவை ஏற்றி அனுப்புகிறார்கள், ஹெர்2 கொஞ்சம் இருந்தாலே பிடித்து உள்ளே போய் இறக்கிவிடும். விலையைக் கேட்டால் நாமெல்லாம் திரும்பி வரவேண்டியதுதான், அது வேறு விஷயம். என் கதை விலை அதிகமில்லாத மருந்து பற்றியது. மாமிக்கு மார்பகக் கட்டி ஆபரேஷன் அன்று காலையில் சர்ஜனிடம் மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 2023-ல் வெளியிட்ட ஆய்வைப் போனில் காட்டினேன். கத்தி வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டியைச் சுற்றி லிடோகெயின், அதாவது பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு ஊசி. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆனார்கள். முழுக்கப் படித்தார், "சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். போட்டாரா இல்லையா, இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

தொண்டி காத்து:
என் தங்கச்சிக்கு மதுரையில் 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், நன்றாக இருக்கிறாள். சொல்ல வந்தது வேறு. ரிப்போர்ட்டில் ஹெர்2 வெறும் நெகட்டிவ் என்று போட்டால் விடாதீர்கள், பூஜ்யமா 1+ஆ என்று எழுதி வாங்குங்கள். பயாப்சியில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை லேபில் கேட்டுப் பத்திரப்படுத்துங்கள், மறுபடி சோதிக்க உதவும். டெரக்ஸ்டிகான் எடுக்கிறவருக்கு வறட்டு இருமல் வந்தால் சளி என்று கஷாயம் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். கரண்ட் வைக்கிறவர்கள் 5 நாள் முறை நமக்கு ஆகுமா என்று கேளுங்கள், 2020-ல் வந்த ஆய்வில் 26 கிரே (கதிர் அளவு) 5 நாளில் வைப்பதும் 40 கிரே 15 நாளில் வைப்பதும் ஒன்றுதான் என்று வந்தது, லாட்ஜ் வாடகை மிச்சம். அப்புறம், பாசியை அரைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று எவனாவது வந்தால் நம்பாதீர்கள்.

பாம்பன்காரி:
தொண்டித் தம்பி, மெழுகுக் கட்டியை வாங்கி நான் யாருக்குக் காட்ட? போன வாரம் மதினி மகள் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, பிளஸ்னா பாசிட்டிவ்தானே?" என்றாள். கீழக்கரைத் தம்பி, உங்களுக்குத்தான் விளக்கமாகச் சொல்ல வருகிறது, நீங்களே சொல்லுங்கள் அவளுக்கு.