தம்பி மேல் டி.டி. (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸ்: ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?

செல்வி_பெரம்பூர்:
சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். சனிக்கிழமை ராத்திரி தம்பி பைக்கில் வரும்போது சோதனையில் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷினில் 68 என்று வந்தது, அந்தச் சீட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பைக்கும் லைசென்ஸும் இப்போது ஸ்டேஷனில். பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் மேலும் கேஸ் என்கிறார்கள், அவன் வண்டியை ஓட்டவே இல்லையே, எப்படி? இதற்கு நடுவில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "4,000 கொடுங்கள், கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துத் தருகிறேன்" என்கிறார். அப்பா கொடுத்துவிடலாம் என்று நிற்கிறார். தம்பிக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு.

குமரன்77:
பயப்படாதீங்க அக்கா. 10,000 ஃபைன், கட்டினால் வண்டி கைக்கு வந்துவிடும். சென்னையில் தினமும் நடக்கிற விஷயம்தான்.

வக்கீல்_சரவணன்:
குமரன் சொல்வது பாதிதான். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, ஹெல்மெட் இல்லாததற்கு ரோட்டிலேயே கட்டுகிற அபராதம் மாதிரி இல்லை, இதைக் கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் வழியே கிடையாது. அதனால் அந்த ஆள் வாங்கும் 4,000 எங்கே போகும் என்று நீங்களே யோசியுங்கள். கேஸ் அப்படியே இருக்கும், சம்மனுக்கு யாரும் போகாமல் ஒருநாள் வாரண்ட் வரும்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு, தம்பிக்கு 68. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமே கூடக் கொடுக்கலாம். விபத்து எதுவும் இல்லாத முதல் கேஸில் மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் அபராதத்தோடு விடுகிறார்கள். ஆனால் ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அது தண்டனை என்றே பதிவாகும். இரண்டாவது முறை மாட்டினால் 15,000, அல்லது 2 வருடம் வரை சிறை. முன்பெல்லாம் மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாவது குற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள், 2019 திருத்தத்தில் அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துப் பிடிபட்டாலும் இந்தக் கேஸ் கூடவே வரும்.

லைசென்ஸ் தனிக் கதை. போலீஸ் அதை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால் முதல் முறைக்கு மூன்று மாதத் தடை, அடுத்த முறை ரத்தே செய்யலாம். தடை இருக்கும்போது "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று வண்டியை எடுத்தால் அதற்குத் தனியாக 10,000 அல்லது 3 மாதம் வரை சிறை. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

நண்பன் மேல் போட்டது 188வது பிரிவு, உடந்தை. 2022 அக்டோபரில் இருந்து சென்னைப் போலீஸ் கூட வருபவர்கள் மேலும் இதைப் போட ஆரம்பித்தார்கள். தண்டனை ஓட்டியவருக்கு உள்ளதேதான். ஆனால் கூட உட்கார்ந்து வந்ததாலேயே உடந்தை ஆகிவிடாது, தூண்டினான் அல்லது தெரிந்தே உதவினான் என்று காட்ட வேண்டும், அவன் கோர்ட்டில் வாதாடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு, கேஸ் முடிந்திருப்பதைவிட நிலுவையில் நிற்பதுதான் தொந்தரவு. கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீக்கிரம் ஆஜராகி முடித்து, தீர்ப்பு நகலையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

மீனா_கிளெய்ம்ஸ்:
இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. போதையில் ஓட்டினால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. 2007ல் டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது, ஊதவும் வைக்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை, அப்படியும் 2021ல் உச்ச நீதிமன்றம் மற்ற சூழ்நிலைகளை வைத்தே இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்றும் தீர்ப்புகள் வருகின்றன. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

செல்வி_பெரம்பூர்:
அப்பா பெயரில்தான். இதைப் படித்துக் காட்டினேன், அப்புறம் அந்த ஆளுக்கு அப்பாவே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டியை எடுக்க என்ன கொண்டுபோக வேண்டும் சார்?

வக்கீல்_சரவணன்:
அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், அப்பாவின் அடையாள அட்டை. ஓட்டி வர லைசென்ஸ் உள்ள வேறொருவரைக் கூட்டிப் போங்கள், தம்பி ஓட்டக் கூடாது. எந்தக் கோர்ட், எந்தத் தேதி, கேஸ் நம்பர் என்ன என்பதை ஸ்டேஷனில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.