பிரஷ் கழுவுன டர்பன்டைன்: கொட்டணுமா, எடுத்து வைக்கணுமா?

பாளைக்காரன்: கேட்டுக்கு எனாமல் அடிச்சு முடிச்சாச்சு. பிரஷ் கழுவுன டர்பன்டைன் அரை டப்பா கெடக்கு. பெயிண்டர் எடுத்து வைக்கச் சொல்லுதாரு, மச்சான் கொட்டச் சொல்லுதான். என்ன செய்ய?

ஜங்ஷன் பய: கொட்டிருங்க. பழசுல கழுவுனா மறுநாள் பிரஷ் முடி வெளக்குமாறு கணக்கா வெறச்சு நிக்கும்.

அம்பை அண்ணாச்சி: எங்கவே கொட்டச் சொல்லுதீரு? பாளையில பாதி சாக்கடை பாளையங்கால்வாய்லதான் போய் விழுது. கண்ணாடி பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடி ரெண்டு மூணு நாள் அசைக்காம வச்சா கலர் பூரா அடியில மண்டியா எறங்கிரும், மேல தெளிஞ்சு நிக்கத மட்டும் மெல்ல சாய்ச்சு எடுத்துக்கிட வேண்டியதான, இதுக்குப் போயி காசு குடுத்து புதுசு வாங்குவாவளா?

ஜங்ஷன் பய: தெளிஞ்சா சுத்தம்னு யாரு சொன்னா அண்ணாச்சி? கலர்தான் எறங்கும். எனாமல்ல உள்ள பிசின் கரைஞ்சு அதுலயேதான் கெடக்கும், லேசா மஞ்சளடிக்குதுல்லா, அதான். டர்பன்டைன் பறந்துரும், பிசின் முடியிலயே தங்கிரும், காத்து பட்டு இறுகிட்டுன்னா பொறவு குடம் குடமா ஊத்துனாலும் கரையாது.

அம்பை அண்ணாச்சி: நான் என்ன, கடைசிவரை பழசுலயா கழுவச் சொன்னேன்? மொதல்ல பேப்பர்ல தேச்சு பெயிண்ட்ட நல்லா வழிச்சு எடுக்கணும், இத ஒருத்தனும் செய்யுததில்ல, அப்பிடியே டப்பாக்குள்ள முக்கிருதான். மொத ரெண்டு தடவ பழசுல, கடைசிக்கு புதுசு கொஞ்சூண்டு, அதுக்கு மேல சோப்பு. முடிய நீவிவிட்டு தொங்கப் போடும்.

தச்சநல்லூர் ஆசாரி: டர்பன்டைனுக்குப் பதிலா தின்னர் போடுங்கப்பா, சட்டுனு போவும்.

ஜங்ஷன் பய: தின்னர சும்மா கெடக்குத பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்திப் பாரும், டப்பா இளகிரும். இங்க அடிக்க வெயிலுக்கு அந்த ஆவி ஒரு பீடிப் பொறிக்குப் பத்திக்கிடும்.

தச்சநல்லூர் ஆசாரி: பீடியே வேண்டாம், மரத்துக்குப் பூசுத லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், தொடச்ச துணிய சுருட்டி மூலையில போட்டாலே தானா சூடேறி தீப்புடிக்கும். தண்ணியில முக்கி வெளிய விரிச்சுப் போடணும்.

பாளைக்காரன்: அதெல்லாம் சரி, அடியில நிக்க மண்டிய என்ன செய்ய?

அம்பை அண்ணாச்சி: மணல்ல ஊத்தி, வெட்டவெளியில அடுப்பு கிடுப்பு இல்லாத எடமா பாத்து காயப் போடும். கெட்டியானதும் குப்பை வண்டியில தனியா குடுத்துரும்.

ஜங்ஷன் பய: எங்க தெருவுல வாங்க மாட்டேங்காவ அண்ணாச்சி. அதுக்கு ஒரு வழி சொல்லும், நானும் எடுத்து வைக்கேன்.