பொருள்: அக்னாஸ்டிசிசம் - 'அ' தொகுதி மூடுவதற்குள் ஒரு சொல்

நண்பர்களே,
உலக மெய்யியல், சமயச் சிந்தனைக் களஞ்சியத்தின் 'அ' தொகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்னாஸ்டிசிசம் கட்டுரை தயார். மெய்ப்பில் 'அறியொணாவாதம்' என்று தலைப்பு. 1869-இல் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி உருவாக்கிய சொல் இது. கடவுள் உண்டு, இல்லை என்று சான்றில்லாமல் அடித்துப் பேசாதே என்பது அவர் கட்சி. ஆட்சேபம் இருந்தால் இன்றே எழுதுங்கள்.
- பதிப்புக் குழு

> அறியொணாவாதம்

ஆட்சேபம் உண்டு. 'ஒணா' பக்தர்களின் சொல் ஐயா. 'எழுதிக் காட்டொணாதே' என்ற அப்பர் கடவுளைச் சந்தேகப்பட்டா பாடினார்? இந்தத் தலைப்பு ஹக்ஸ்லிக்குத் திருநீறு பூசிவிடும். மேலும், 'அறியவே முடியாது' வேறு, 'இதுவரை தெரியவில்லை' வேறு. இரண்டு பேரும் இந்தக் கொள்கைக்குள் இருக்கிறார்கள். 'ஒணா' முதல் ஆளை மட்டும் உள்ளே விடுகிறது. என் ஓட்டு 'அறியோமியம்'.
- தமிழாசிரியர், மதுரை

வினைமுற்றின் தலையில் 'இயம்' ஏற்றுவது எந்த ஊர் இலக்கணம்? சங்கப் பாட்டில் இயம் என்றால் வாத்தியம், பல்லியம் கேட்டதில்லையா? 'வாதம்' வடசொல், அதுவும் வேண்டாம். 'அறியவியலாமைக் கொள்கை' என்க. 'அறி' என்பதே 'அறு'வின் வழி வந்தது என்பது என் துணிபு. அறுத்துப் பிரித்துப் பார்ப்பதே அறிவு. அறிவைக் குறிக்கும் கிரேக்க 'நோசிஸ்', வடமொழி 'ஞானம்' இரண்டும் ஒரே வேரில்தான்... (விரிவாகத் தனி மடலில்.)
- வேர்ச்சொல் அன்பர்

தனி மடல் வேண்டாம் ஐயா, போன முறை அனுப்பியதையே இன்னும் முடிக்கவில்லை. 'இயலாமை'யும் அதே 'முடியாது'தானே? 'வாதம்' பற்றி: மணிமேகலை 27-ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயத்தார் வரிசையாக நிற்கிறார்கள். அன்றே வந்த சொல்லை இன்று எதற்குத் துரத்துவது?
- மதுரை

'அஞ்ஞானவாதம்' இருக்கிறதே? புத்தர் காலத்துச் சஞ்சய பேலட்டிபுத்தர், மறுவுலகம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். இப்படிப் பிடிகொடாமல் பேசுவோரைப் பாலி மொழிப் பௌத்த நூலான தீக நிகாயம் விலாங்கு மீன் என்று கேலி செய்கிறது. களஞ்சியத்தின் பெயரில் 'மெய்யியல்' என்று போட்டதற்கு நன்றி. எங்கட பல்கலைக்கழகங்களில் அப்படித்தான்.
- யாழ்ப்பாணம்

சஞ்சயருக்கு அந்தப் பெயரில் தனிக்கட்டுரை உண்டு அம்மா. ஒரே தலைப்பில் இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. சைவ சித்தாந்தம் படித்தவர்களோ அஞ்ஞானம் என்றதும் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்குப் போய்விடுவார்கள். 'ஐயவாதம்' வேண்டாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அதை ஸ்கெப்டிசிசத்துக்குக் கொடுத்தாயிற்று.
- பதிப்புக் குழு

'அக்னாஸ்டிசிசம்' என்றே போடுங்களேன். பையன்கள் தேடுவது அதைத்தான். அதுவும் 'அ'வில்தான் வரும்!
- கணினிப் பொறியாளர்

அப்படியானால் களஞ்சியம் எதற்கு, ஆங்கில அகராதி போதுமே.
- வேர்ச்சொல் அன்பர்

சரி, பக்கம் கட்டுபவர் காத்திருக்கிறார். பெரும்பாலோர் ஓய்ந்துபோய் 'அறியொணாவாதம்' என்கிறார்கள், அதுவே தலைப்பு. 'அக்னாஸ்டிசிசம் - காண்க: அறியொணாவாதம்' என்று ஒரு வரியும் வரும். இரு கிளைகளையும் முதல் பத்தியிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறோம்.
- பதிப்புக் குழு

எனக்குச் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், அடுத்த தொகுதிகளின் பட்டியலில், கடவுள் இல்லை என்னும் ஏதீயிசத்துக்கு 'நாத்திகம்' என்றிருக்கிறதே? வேதத்தை ஏற்காதவரையெல்லாம் நாத்திகர் என்றுதானே பழைய வழக்கு? சமணரையும் பௌத்தரையும் எங்கே வைப்பீர்கள்?
- மதுரை